தபாலில் வந்த கறுப்புப் பட்டை

எங்கள் ஆறாங்கட்டைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் பெயர் சொல்லும்படியான ஆண்பிள்ளைகள் அத்தனை பேரிடமும் கராத்தே கறுப்புப் பட்டை இருந்தது. இல்லாதவர் ஒரே ஒருவர். கராத்தே தெரிந்தவரும் அந்த ஒருவர்தான். அவர் என் வீட்டுக்காரர் சிங்காரம்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையேறி வந்து எந்தக் கொழுந்துக்காரியைக் கேட்டாலும் சொல்வாள். எழுபத்தேழில் ஆபீஸ் கணக்கு பார்க்கிற எங்கள் பெரிய கிராணி கறுப்புப் பட்டை. கங்காணி கறுப்புப் பட்டை. கோயில் பூசாரி கறுப்புப் பட்டை. துரை பங்களாவில் கோழி உரிக்கிற சமையல்காரரும் கறுப்புப் பட்டை. கோழியைப் பிடிக்க மட்டும் அவர் வேறு ஆள் தேடுவார்.

என் வீட்டுக்காரர் ஆறு வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போவார். அங்கே ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்த ஹரோல்ட் மாஸ்டர், மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் கராத்தே சொல்லிக்கொடுத்தார். முதல் வருடம் முழுக்க நிற்க மட்டுமே கற்றுக்கொடுத்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிக்கிறதுக்கு எதுக்குங்க ஒரு வருசம்? பொறந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டுத்தான இருக்கீங்க?"

"தப்பா நின்னுக்கிட்டு இருந்திருக்கேன் இராசம்மா" என்றார் இவர்.

இப்படி ஒரு மனிதரோடு என் குடித்தனம்.

நின்று, நடந்து, விழுந்து, எழுந்து, ஒருவழியாகப் பழுப்புப் பட்டைக்கு வந்து சேர்ந்தார். கறுப்புப் பட்டைத் தேர்வில் மாஸ்டர் நிறுத்திவிட்டார். உதையில் குறையில்லை, குத்தில் குறையில்லை. கடைசிச் சுற்றில் இருமல் வந்து மூச்சு இரைத்துவிட்டதாம். நானே நேரில் போய்க் கேட்டேன்.

"ஏன் மாஸ்டர், ரெண்டு முழத் துணி. குடுத்தா உங்களுக்கு என்னா கொறஞ்சிடப் போவுது?"

"துணின்னா டவுன்ல கெடைக்கும் தங்கச்சி. நெறைய கலர் வச்சிருக்கான்" என்றார் மாஸ்டர். சிரிக்கவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெல்ட்ட விடுங்க. மொதல்ல அவர சலிப்பு அறையிலேர்ந்து வெளிய கொண்டாங்க. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள எறங்குது. இன்னும் கொஞ்ச வருசம் அங்கயே நின்னார்னா கராத்தேய மறந்துடுங்க, இந்த மேட்ட ஏறி வீட்டுக்கு வரவே முடியாது."

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஆலையில் வேலை. வறுத்த தூளைச் சல்லடை தரம் பிரிக்கும்போது எழும்புகிற தூசியில் நாளெல்லாம் நிற்க வேண்டும். அதுதான் சலிப்பு அறை. மாலையில் வீட்டுக்கு வரும்போது இமைமயிர்கூடப் பழுப்பாக இருக்கும். விடிந்தால் இருமல். அவரை அந்த அறையிலிருந்து வெளியே இழுத்துப் போட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் நான் எந்தச் சாமியிடமும் வேறு எதுவும் கேட்கவில்லை.

சாமி காது கொடுத்தது போலத்தான் இருந்தது. ஆலையிலிருந்து தேயிலை மூட்டைகள் கால் முளைத்து நடக்க ஆரம்பித்தன. எங்கள் துரைக்குக் கிளாரன்ஸ் என்று பெயர். நம் தமிழர்தான், ஆனாலும் பங்களாவில் குடியிருப்பவர் துரைதான். அவர், வாசல் கேட்டில் நின்று ஆட்களைச் சோதிக்க ஒரு பெரிய ஜாகா வேண்டும் என்றார். தலைமைக் காவல்காரரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். வெளிக்காற்றில் வேலை, மாதச் சம்பளம். முந்தின திருவிழாவில் குடித்துவிட்டுப் பாராங்கத்தியோடு ஆடிய ஒருவனை, அவனுக்கும் கீறல் படாமல் கத்தியைப் பிடுங்கி உட்கார வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். துரை அதைப் பார்த்திருந்தார்.

"அந்த மாதிரி கராத்தே தெரிஞ்ச ஆளாப் பாத்துப் போடுங்க கிராணி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பெரிய கிராணி சுப்பிரமணியம் ஆபீசுக்குள் போய்த் தட்டச்சு செய்து வெளியே ஒட்டினார்: 'கறுப்புப் பட்டை கட்டாயம்.' என் வீட்டுக்காரரிடம் பழுப்பு இருந்தது அவருக்குத் தெரியும். அவருக்கு ராஜு என்று ஒரு மச்சான் இருந்தது எங்களுக்கும் தெரியும். எழுந்து நிற்கச் சொன்னால் எதற்கு என்று கேட்கிற ஆள்.

ராஜுவுக்குத் தபால் வந்தது. ஈப்போவில் 'அகில ஆசிய அஞ்சல்வழிக் கராத்தே மகாசங்கம்' என்று ஒன்று இருந்தது. வீட்டிலிருந்தபடியே ஆறு பாடம், ஆறு வாரம், கறுப்புப் பட்டை. ராஜு தினமும் வாசலில் சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு கராத்தேயைப் படித்தான். பக்கம் புரட்டும்போது மட்டும் கையை அசைத்தான்.

என் வீட்டுக்காரருக்கு உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது. ஏதோ புது முறை போலிருக்கிறது என்று சந்தேகம் கேட்கப் போனார். ராஜு மூன்றாம் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினான்: "எதிரியைப் பார்வையால் வெல்லுதல். எதிரி கிடைக்காதவர்கள் தலையணையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்."

"தலகாணி திருப்பி அடிச்சா?" என்று கேட்டார் இவர். கிண்டலாகக் கேட்கவில்லை. இவருக்குக் கிண்டல் வராது.

"அது நாலாவது பாடம் அண்ணே" என்றான் ராஜு.

தேர்வு போட்டோவில் நடந்தது. பறந்து உதைக்கிற மாதிரி ஒரு படம் அனுப்ப வேண்டும். ரிங்லெட் போட்டோக் கடைக்காரர் ராஜுவை ஒரு முக்காலியின் மேல் வயிறு படப் படுக்கவைத்துக் காலை நீட்டச் சொல்லி எடுத்தார். பிறகு தூரிகையால் முக்காலியை அழித்தார். அழித்ததில் முக்காலியின் ஒரு கால் மட்டும் தங்கிப்போனது. பறந்தபடியே எதிரியின் தடியைத் தட்டிவிட்டதற்காகச் சங்கம் ராஜுவுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தது.

ராஜுவுக்கு முதலாம் டான் பட்டை, அதாவது கறுப்பில் முதல் படி, வந்து இறங்கிய அன்றே தோட்டத்தில் சிக்கல் ஆரம்பித்தது. தோட்டத்தில் ஒரு வரிசை உண்டு. மாரியம்மன் கோயில் திருநீறு முதல் கல்யாண வீட்டுப் பந்தி வரை அந்த வரிசைப்படிதான். துரை, கிராணி, கங்காணி, பிறகு மற்றவர்கள். வேலைவெட்டி இல்லாத ராஜு முதலாம் டான் என்றால் கங்காணி காளிமுத்து யார்? அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அடுத்த வாரம் இரண்டாம் டான் ஆனார். கங்காணி இரண்டு என்றால் பெரிய கிராணி அதற்குக் கீழே இருக்க முடியுமா? அவர் நான்காம் டான் ஆனார். மூன்றாவது அவருக்கு ஆகி வரவில்லை. அம்மனுக்கே மாலை போடுகிறவன் வெறும் இடுப்போடு நிற்பதா என்று பூசாரி கேட்டார். அவருக்கும் ஒன்று வந்தது. துரையை விட்டுவிட்டால் மரியாதை ஆகாது என்று அவருக்கு ஆறாம் டான் வரவழைத்துக் கிராணியே பங்களாவில் கொண்டுபோய்க் கொடுத்தார். துரை அதை வைத்து நாயைக் கட்டினார். கங்காணி ஒருநாள் அந்த நாய்க்கும் குனிந்து வணக்கம் வைத்ததை நானே பார்த்தேன்.

ஆள் கணக்கெடுக்கிற விடிகாலைப் பெரட்டில் பேர் வாசிக்கும்போது முன்பெல்லாம் "வந்தேங்க" என்போம். இப்போது கராத்தேக்காரர் மாதிரி குனிந்து "ஓஸ்" என்று கத்த வேண்டும். கங்காணி மழைக்கோட்டின் மேல் பட்டையைக் கட்டிக்கொண்டு கொழுந்து நிறுப்பார். தராசுக்கு வணக்கம், கங்காணிக்கு வணக்கம், அப்புறம்தான் கூடையை இறக்கலாம். முதுகில் கூடையோடு குனிந்து வணக்கம் வைத்தால் பறித்த கொழுந்து தலைவழியாகக் கொட்டும். கொட்டியதைக் கழித்துக்கொண்டு நிறுப்பார். என் பக்கத்து நிரையில் பறிக்கிற மாரியம்மா, "எவனுக்கோ பெல்ட்டு, நமக்கு இடுப்பு ஒடியுது" என்று சொன்னதற்காக ஒரு வாரம் செங்குத்துச் சரிவில் பறிக்க அனுப்பப்பட்டாள்.

நான் வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஊரோட ஒத்துப் போங்களேன். நீங்களும் ஈப்போவுக்கு எழுதிப் போட்டு ஒண்ண வாங்குங்க. அத வச்சு வேலைய எடுத்துக்கிட்டு, அப்பறமா மாஸ்டர்கிட்ட நெசப் பெல்ட்ட வாங்கிக்கிங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்குக்கூட நம்பிக்கை வந்தது.

"ஞாயித்துக்கெழமை மாஸ்டர் என்னைய எந்த வரிசையில நிக்கச் சொல்லுவாரு?" என்று கேட்டார்.

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

அன்று நான் சொன்னது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. நெஞ்சுக்குள் தூசி இறங்குகிறவனுக்கு மானம் இரண்டாவது என்பதுதான் என் கட்சி. அவர் கட்சி வேறு.

கடைசியில் சங்கத் தலைவரே தோட்டத்துக்கு வந்தார். மகாகுரு டாக்டர் நாகரத்தினம், ஒன்பதாம் டான். தோட்ட மண்டபத்தில் சனிக்கிழமை விழா, ஞாயிறு மத்தியானம் ஆட்டுக்கறி விருந்து. கிளைச் சங்கத்தைத் திறந்து வைப்பது, எல்லாருக்கும் மேடையில் முறைப்படி பட்டை கட்டுவது, ராஜுவுக்குப் பெரிய ஜாகா பதவி கொடுப்பது என்று ஏற்பாடு. மகாகுரு வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். மண்டபத்து நான்கு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். "மூச்சுப் பயிற்சி" என்று கிராணி எங்களுக்கு விளக்கினார்.

மைக்கைப் பிடித்ததும் மகாகுருவுக்கு மூச்சு வந்துவிட்டது.

"அன்பான ஆறாங்கட்டை வீரர்களே! சில பேரு கேக்குறான், தபால்ல கராத்தே வருமான்னு. ஏன் வராது? தபால்ல கல்யாணப் பத்திரிகை வருதுல்ல? கல்யாணம் நடக்குதுல்ல? சில மாஸ்டருங்க வருசக்கணக்குல அடிச்சு, வேர்வை விட வச்சு, அதுக்கப்பறமும் பெல்ட்டுத் தர மாட்டேங்கிறான். ஏன்? பொறாமை! நம்ம சங்கம் தொடங்கி இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரக்கூட பெயிலாக்குனதில்ல. அதுதான் நம்ம தரம்! உடம்பால கத்துக்கிட்டா உடம்புக்கு வயசாகும், மறந்துடும். தாள்ல கத்துக்கிட்டா தாள் வீட்டுலயே இருக்கும். எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாத்துக்கலாம்!"

கைதட்டினார்கள். அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"ஒரு எச்சரிக்கை! இன்னிக்கு பெல்ட்டு கட்டுற ஒவ்வொருத்தரோட கையும் இனிமே கை இல்ல. ஆயுதம்! சட்டப்படி ஆயுதம்! துப்பாக்கிக்குச் சமானம்! ஒவ்வொரு கையையும் நான் பதிவு பண்ணி வச்சிருக்கேன். வீட்டுல பொண்டாட்டிய அடிக்கிறப்பகூட யோசிச்சு அடிக்கணும்!"

அதற்கும் கைதட்டினார்கள். கங்காணி தன் கைகளைத் தூக்கிப் புதிதாகப் பார்த்துக்கொண்டார்.

பிறகு என் வீட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பழுப்புப் பட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். 'அங்கீகாரமில்லாத இடத்தில் வாங்கிய பட்டை செல்லாது' என்று கிராணி மைக்கில் அறிவித்து, ஒரு வெள்ளைப் பட்டையை எடுத்து நீட்டினார். இனி ராஜுவிடம் முதலிலிருந்து கற்றுக்கொள்ளலாமாம். இவர் என்ன நடக்கிறது என்று புரியாமல் அதையும் இரண்டு கையால் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதோடு விட்டார்களா? மகாகுருவின் வித்தையைக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. கிராணி இவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். மகாகுரு இரண்டு முழம் தள்ளி நின்று, காற்றில் கையை வீசி, "ஹா!" என்றார். இவர் விழுந்தார். ஒழுங்காக விழத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அழகாக விழுந்தார். விழுந்த வேகத்தில் பலகையிலிருந்து தூசி எழும்பி இருமல் வந்துவிட்டது. மல்லாந்து கிடந்தபடி இருமினார், இருமினார், நிறுத்த முடியவில்லை. மண்டபம் முழுக்கச் சிரித்தது. "ஒன்பதாம் டான்னா சும்மாவா!" என்று கங்காணி கத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் விழுந்தீங்க?"

"நல்லா விழுந்தா ரெண்டாவது ஜாகா வேலை தர்றேன்னு கிராணி சொன்னாரு. நீதான சலிப்பு அறைய விட்டு வெளிய வரச் சொன்ன."

எனக்காக விழுந்திருக்கிறார். தலையணையைக்கூட அடிக்கத் தெரியாத கூட்டத்துக்கு முன்னால், எனக்காக. அந்த நேரம் என் நெஞ்சு எரிந்த எரிச்சலுக்கு உலையே வைத்திருக்கலாம். ரெண்டாவது ஜாகா என்று ஒரு வேலையே கிடையாது என்பது அதற்குள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, இவரைத் தவிர. நான் பழி வாங்க முடிவு செய்தேன். நியாயம், நீதி என்று யாராவது இதற்கு நல்ல பெயர் வைத்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழிதான்.

ஞாயிறு காலை இவரை விருந்துக்கு நாற்காலி தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் காய்கறி லோரியில் நான் ஏறினேன். தானா ராத்தாவில் இறங்கி நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். சார்ஜன் வீரப்பன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா விசயம்?"

"ஆயுதம் சார். ஆறாங்கட்டைத் தோட்டத்துல. ஆளுக்கு ரெண்டு வச்சிருக்காங்க."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அது காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலம். தாப்பா ரோட்டில் பட்டாளத்து லோரிகள் போகும். போலீஸ் வழிமறித்து முட்டைக்கோஸ் கூடையைக்கூடக் கொட்டிப் பார்ப்பார்கள். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்குத்தான் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

"துப்பாக்கியா?"

"கை சார்."

சார்ஜன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் தினமும் பார்ப்பதால் அது எனக்கு நன்றாக வரும்.

"நான் சொல்லல சார். ஈப்போ மகாகுரு மைக்குல சொன்னாரு. சட்டப்படி ஆயுதமாம், துப்பாக்கிக்குச் சமானமாம், எல்லாத்தையும் பதிவு பண்ணியிருக்காராம். உங்ககிட்ட பண்ணாம வேற எங்க பண்ணுனாருன்னு எனக்குப் பயமாப் போச்சு. காலம் கெட்டுக் கெடக்குதுல்ல சார்."

சார்ஜன் மீசையைத் தடவினார். "மகாகுரு இன்னும் அங்கதான் இருக்காரா?"

"மத்தியானம் ஆட்டுக்கறி விருந்து சார். எல்லாரும் பெல்ட்டோட வருவாங்க."

"அப்ப நானும் வரணும்லா" என்றார் சார்ஜன்.

விருந்துக்குத் துரையும் வந்திருந்தார். மேடையில் மகாகுரு நடுவில், கிராணி வலப்பக்கம், கங்காணி இடப்பக்கம், பிறகு டான் வரிசைப்படி மற்றவர்கள். எல்லார் இடுப்பிலும் வேட்டியின் மேல் கறுப்புப் பட்டை, முன்னால் இலை. சார்ஜன் இரண்டு போலீஸ்காரர்களோடு உள்ளே வந்தார். வெளியே ஒரு போலீஸ் லோரி பின்கதவு திறந்தபடி நின்றது.

"யாரும் கைய அசைக்காதீங்க" என்றார் சார்ஜன். கறியை எடுத்த கைகள் வாய்க்குப் பாதி வழியில் நின்றன.

"இங்க ஆயுதம் இருக்கிறதா தகவல். மகாகுருவே மைக்குல சொல்லியிருக்கீங்க. இருக்கா?"

மகாகுரு பெருமையாகத்தான் சிரித்தார். "இருக்கு சார்ஜன்! எல்லாம் எங்க கை..."

"லைசென்ஸ்?"

மகாகுரு சிரிப்பை மூடினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றுதான் நான் நேரில் பார்த்தேன்.

"துப்பாக்கிக்குச் சமானம்னு சொன்னீங்க. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு என்னா சட்டம்னு எல்லாருக்கும் தெரியும். கைய மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போக முடியாது. ஆளோடதான் ஏத்தணும். வாங்க, டான் வரிசையாவே ஏறுங்க. பெரியவங்க மொதல்ல."

தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக யாரும் வரிசையில் முதலாவதாக நிற்கப் போட்டி போடவில்லை.

"சார், நான் தலகாணியத்தான் அடிச்சேன்!" என்று முதலில் அலறியவர் கங்காணி. "என் கை சும்மாக் கை சார். வேணும்னா இந்தச் சிங்காரத்த அடிச்சுக் காட்டுறேன். ஒண்ணும் ஆவாது பாருங்க!"

"நேத்து அவரு தொடாமலே விழுந்தாரு, இருமுனாரு. அடிச்சா செத்துடுவாருல்ல?"

"அது சொல்லி வச்சு விழுந்தது சார்! கிராணிதான் விழச் சொன்னாரு!"

துரை மெல்லத் திரும்பிக் கிராணியைப் பார்த்தார். கிராணி இலையைப் பார்த்தார்.

சார்ஜன் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "அடிக்கிறேங்கிறாரு. உங்களுக்குச் சம்மதமா?"

"சரிங்க" என்றார் இவர். முதல் வருடம் முழுக்கக் கற்றுக்கொண்ட மாதிரி நின்றார்.

கங்காணி ஓடி வந்து அவர் வயிற்றில் குத்தினார். பிறகு தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பாத்தீங்களா சார்! ஒண்ணும் ஆவல!" என்று அழுகையும் சந்தோசமுமாகக் கத்தினார். அவ்வளவுதான், ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். பூசாரி குத்தினார். சமையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு குத்தியதில் தூணில் பட்டது. ராஜு பறந்து உதைக்க முயன்றான். முக்காலி இல்லாததால் இலைகளின் மேல் விழுந்தான். என் வீட்டுக்காரர் அவனைத் தூக்கிவிட்டு, சட்டையில் ஒட்டிய சோற்றைத் தட்டிவிட்டு, மறுபடி போய் அதே இடத்தில் நின்றார். குத்திய ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் வேறு வைத்தார்.

"மகாகுரு?" என்றார் சார்ஜன்.

"நான் கராத்தே சங்கத் தலைவர் சார். கராத்தேக்காரன்னு எங்கயும் சொன்னதில்ல" என்றார் மகாகுரு. மைக் இன்னும் அவர் முன்னால் உயிரோடுதான் இருந்தது. ஒலிபெருக்கி வழியாகத் தொழிலாளர் லயன் வீடுகள் முழுக்கக் கேட்டது.

"ஒன்பதாம் டான் யாரு குடுத்தா?"

"நான்தான் சார். சங்கத்துல வேற ஆளு கிடையாதே."

"பதிவு?"

"அது... மேடைக்காகச் சொல்றது சார். எல்லா ஊர்லயும் சொல்லுவேன். எங்கயும் போலீஸ் வந்ததில்ல."

சார்ஜன் பெருமூச்சு விட்டார். "அப்ப இந்தத் தோட்டத்துல ஆயுதமே இல்லைங்கிறீங்களா? பொய்த் தகவல்னு நான் எழுதிக்கிட்டுப் போகணும். துரை, நீங்க என்ன சொல்றீங்க?"

துரை பதில் சொல்வதற்குள் கிராணி எழுந்துவிட்டார். வெளியே நின்ற லோரியைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வேர்த்துப்போயிருந்தது. தன்னை விட்டால் போதும் என்கிற அவசரத்தில், இத்தனை மாதம் மூடி வைத்ததை மைக் முன்னாலேயே திறந்தார்.

"இருக்கு சார்! இதோ நிக்கிறானே, இவன் கைதான் சார் நெச ஆயுதம்! இந்தத் தோட்டத்துலயே கராத்தே தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்! ஆறு வருசமா டிரெசர்கிட்ட கத்துக்கிறான். பாராங்கத்தியவே பிடுங்குவான். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார், இவனுக்குத்தான் எல்லாம் தெரியும். இவன ஏத்துங்க!"

எனக்கு அப்போது வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமில்லை. கல்யாணத்தன்றுகூட அப்படி வரவில்லை.

சார்ஜன் என் வீட்டுக்காரரிடம் வந்தார். "கிராணி சொல்றது உண்மையா? உங்க கை ஆயுதமா?"

"இல்லீங்க சார்" என்றார் இவர், வருத்தத்தோடு. "எனக்கு இன்னும் பிரவுன் பெல்ட்டுத்தான். மூச்சு சரியில்லைன்னு மாஸ்டர் நிறுத்தி வச்சிருக்காரு."

"மூச்சுக்கு என்னா?" என்று கேட்டது துரை.

"சலிப்பு அறைத் தூசிங்க துரை."

துரை நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு கிராணியிடம், "நான் இந்த ஆளத்தான உங்ககிட்ட கேட்டேன்?" என்றார். "சிங்காரம், நாளைக்குக் காலையிலேர்ந்து நீ கேட்டுக்குப் போ. பெரிய ஜாகா நீதான். பெல்ட்டு உன் மாஸ்டர் தர்றப்பத் தரட்டும்."

சார்ஜன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "கத்தி இல்லாதவனுக்கு உறை எதுக்கு? எல்லாத்தையும் அவுத்து இங்க போடுங்க." பட்டைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கங்காணி மட்டும் தயங்கினார். வற்புறுத்தி அவிழ்க்க வைத்தபோதுதான் காரணம் தெரிந்தது: வேட்டி அதை நம்பித்தான் நின்றிருந்தது. அவர் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட, மாரியம்மா வாசலில் நின்று குனிந்து, தொண்டை கிழிய "ஓஸ்!" என்றாள். மகாகுரு அதற்குள் தன் காரைக் கண்டுபிடித்திருந்தார். அன்று படியிறங்க அவருக்கு மூச்சுப் பயிற்சி தேவைப்படவில்லை.

பட்டைகளை நாங்கள் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டோம். கூடைக்கு நெற்றிக் கயிறாகக் கட்டினால் அது அருமையாக உழைத்தது.

"போலீஸ்கிட்ட யாரு சொல்லியிருப்பா?" என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதம் யோசித்தார். எனக்குத் தெரியாது என்றேன்.

கேட்டில் பெரிய ஜாகாவின் வேலை, வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது. அதுவரை கிராணிமார் பையை யாரும் திறந்ததில்லை. அதுவும் தோட்டத்து வரிசையில் ஒன்று. என் வீட்டுக்காரருக்கு அந்த வரிசை தெரியவில்லை. யார் பையானாலும் பைதானே என்று நினைத்துவிட்டார். முதல் நாளே பெரிய கிராணியின் தோல் பையைத் திறக்கச் சொன்னார். குடைக்கும் சோற்றுப் பாத்திரத்துக்கும் அடியில், சலிப்பு அறையில் இவர் நெஞ்சு வலிக்கச் சலித்த முதல் தரத் தூள் பொட்டலமாக இருந்தது. மூட்டைகளுக்குக் கால் எங்கிருந்து முளைத்தது என்பது துரைக்கு அன்று புரிந்தது. கிராணியை வேலையிலிருந்து நீக்கவில்லை. நான் அதற்காக வருத்தப்படவுமில்லை. நீக்கியிருந்தால் போய்விட்டிருப்பார், ஓய்வு பெறும்வரை அவர் தினமும் அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டியிருந்தது.

நான் கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு, வெறுங்கூடையோடு ரோட்டோரம் வந்து நின்றுகொள்வேன். மழையானாலும் நிற்பேன். கிராணி வருவார். என் வீட்டுக்காரர் ஒரு இருமல்கூட இல்லாமல் நிமிர்ந்து நின்று, மாஸ்டர் கற்றுக்கொடுத்தபடி இடுப்பு வரை குனிந்து அவருக்கு வணக்கம் வைப்பார்.

பிறகு, "பையத் தெறங்க கிராணி" என்பார்.